பி.இ. முடித்த கிறிஸ்தவப் பிள்ளைக்கு: கம்பெனியா, அரசு வேலையா, சொந்தத் தொழிலா, மிஷனா?

கன்வென்ஷன் கடைசி நாள் அர்ப்பணிப்பு ஜெபம் முடிந்து வெளியே வந்தால், வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது என்னிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, நான் சிவில் முடிச்சிட்டேன். வேலைக்குப் போறதா, ஊழியத்துக்கு வர்றதா?" கேட்கிற பிள்ளையின் முகத்தில் பாதி உற்சாகம், பாதி குற்ற உணர்வு. வேலைக்குப் போனால் கர்த்தரை ஏமாற்றுகிறோமோ, ஊழியத்துக்கு வந்தால் அப்பா வாங்கிய கல்விக் கடனை யார் கட்டுவது என்று.

கேள்வியே தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். வேலை, ஊழியம் என்று இரண்டு பெட்டி கிடையாது. யாத்திராகமத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று பேர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெசலெயேல் பிரசங்கி அல்ல, ஆசாரியனும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், கல் வெட்டவும், மரம் செதுக்கவும் தெரிந்த ஆள். ஆகவே பொறியியலை விட்டுவிட்டு வரவேண்டும் என்ற பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். பொறியாளராக இருந்துகொண்டே ஊருக்கு உதவ நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாலு வழி இருக்கிறது. கம்பெனி வேலையில் இருந்துகொண்டு காசும் நேரமும் கொடுப்பது, அரசுப் பொறியாளர் ஆவது, சொந்தமாகவோ கூட்டுறவாகவோ தொழில் நடத்துவது, மிஷன் மருத்துவமனை, திருமண்டலம் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு), தொண்டு நிறுவனம் என்று ஒன்றில் சேர்வது.

இந்த நாலையும் நான் முதலில் ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன். நீங்கள் செய்து கொடுத்தது பழுதாகும்போது, அதைப் பயன்படுத்துகிறவர் உங்களிடம் நேரில் வந்து திட்ட முடியுமா? சம்பளம், மரியாதை, "அழைப்பு" எல்லாம் அதற்கு அப்புறம். ஏன் இந்தக் கேள்வி என்பது போகப்போகத் தெரியும்.

கம்பெனி வேலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் போகப்போகிறார்கள், போகட்டும். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்துதான் சாப்பிட்டார். சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதும், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் உற்பத்தி லைன் பார்ப்பதும் பாவம் இல்லை. முதல் நாலைந்து வருஷம் கண்டிப்பான ஒரு மேலதிகாரியிடம் தொழில் கற்காத பொறியாளர், பின்னால் எந்த ஊழியத்துக்குப் போனாலும் அங்கே பாரமாகத்தான் இருப்பார். வரைபடத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவர் ஜெபத்தோடு கட்டினாலும் கூரை ஒழுகும்.

குறை எங்கே? என் கேள்வியில் இந்த வழி தோற்றுப்போகிறது. நீங்கள் செய்கிற மென்பொருளையோ உதிரிப்பாகத்தையோ பயன்படுத்துகிற ஆள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் சேவைக்கு என்று தனியாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தசமபாகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாசம் தவறாமல் வருகிற சின்னத் தொகைதான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியனை வேலையில் வைத்திருக்கிறது. ஆனால் கிறிஸ்மஸ் சமயத்தில் மொத்தமாகக் கொடுத்து, கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொன்னால் சண்டை வரும்.

கையில் வித்தை இருக்கிறவர் காசோடு நிற்க வேண்டியதில்லை. நம் சபைகள் நடத்தும் விடுதிகளையும் பள்ளிகளையும் ஒரு சனிக்கிழமை சுற்றிப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் சரியான உயரத்துக்கு இருக்கிறதா? உபாகமம் 22:8 இதைத்தான் கேட்கிறது. புது வீடு கட்டினால் மொட்டை மாடியிலிருந்து யாரும் விழுந்துவிடாதபடி கைப்பிடிச்சுவர் வை, இல்லாவிட்டால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் என்கிறது. கட்டட விதிமுறை வேதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை வைத்து யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை! அடுத்து மின்பலகையைத் திறந்து பாருங்கள். மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது விழுகிறதா, ஹீட்டருக்கு எர்த் இருக்கிறதா? சபையின் அசனப் பண்டிகைக்கு (பொது விருந்துக்கு) சீரியல் பல்பு கட்டுகிறவர் ஒயரை எங்கே இணைக்கிறார்? பழைய ஆலயத்தின் மாடித் தளத்தில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? இதெல்லாம் ஒரு பொறியாளருக்கு அரை நாள் வேலை. வருஷாவருஷம் செய்தால் அது ஊழியம். அப்போது விடுதி வார்டன் உங்களுக்கு போன் போட்டுத் திட்டவும் முடியும்.

இதைவிடப் பெரிய அளவில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு, 1982-ல் அமெரிக்காவில் தொடங்கி இந்தியாவிலும் அலுவலகம் வைத்திருக்கும் இன்ஜினியரிங் மினிஸ்ட்ரீஸ் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. பொறியாளர்களையும் கட்டடக்கலைஞர்களையும் தன்னார்வலர்களாகக் கூட்டிப்போய், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல அனுபவம். ஆனால் வரைபடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

அரசு வேலை

எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று மட்டும் பார்த்தால் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. நீர்வளத்துறை, நெடுஞ்சாலைத்துறை, குடிநீர் வடிகால் வாரியம் என்று எதில் சேர்ந்தாலும், ஒரு உதவிப் பொறியாளர் கையில் இருக்கிற ஊர்களின் எண்ணிக்கை ஒரு திருமண்டலத்தின் சமூகசேவைப் பிரிவு கனவிலும் தொடாதது.

இந்த வழிக்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம் ஆங்கிலேயரான ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்தவர், பதினாறு பதினேழு வயதிலேயே சென்னைப் படையின் பொறியாளர் பிரிவுக்கு எடுக்கப்பட்டவர், தன் விசுவாசத்தை மறைத்துக்கொள்ளாத மனிதர். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் மணல் மேடிட்டு, தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்குள் இறங்கி வீணாகிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் அவர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றோம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். ஆளுகிற இனத்தைச் சேர்ந்த ஒருவர், தான் ஆளவந்த ஊரின் பழைய கட்டுமானத்துக்கு முன் மாணவனாக நின்றார். பிறகு 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரி அணைக்கட்டு. பஞ்சத்தில் அடிபட்ட பகுதி நெல் விளையும் டெல்டாவானது. இன்றும் கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை.

சரி, முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அவர் வேலை பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. அணை கட்டினால் நிலவரி கூடும் என்ற கணக்கைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார். வாழ்நாள் முழுக்க, ரயில்பாதையில் கொட்டும் பணத்தைக் கால்வாயில் போடுங்கள் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். 1878-ல் லண்டன் பாராளுமன்றக் குழு முன் விசாரிக்கப்பட்டபோதும் அதையேதான் வாதாடினார். நல்ல மனிதர் ஒரு மோசமான நிர்வாகத்துக்குள் இருந்துகொண்டு என்ன செய்யலாம், எங்கே முட்டி நிற்பார் என்று இரண்டையும் அவர் வாழ்க்கையில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொல்கிறோம்.

இன்றைய உதவிப் பொறியாளருக்கு வரும் சோதனை அவ்வளவு பெரியதல்ல. அது எம் புக்கில் வருகிறது. அளவுப் புத்தகம் என்று பெயர், பக்க எண் அச்சடித்த சாதாரண நோட்டுதான். சைட்டில் நடந்த வேலையை நீளம், அகலம், ஆழம் என்று அளந்து நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தக்காரருக்கு பில் போகும். தரைக்குக் கீழே போனதை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. குழாய்க்கு அடியில் 15 சென்டிமீட்டர் மணல் படுக்கை எஸ்டிமேட்டில் இருக்கும், பள்ளத்தில் 5 சென்டிமீட்டர் இருக்கும், புத்தகத்தில் 15 என்று எழுதச் சொல்லி மூன்று பக்கத்திலிருந்தும் போன் வரும். கள்ள நிறைகல்லைப் பையில் வைத்திருக்காதே என்ற கட்டளை இந்த நோட்டைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். மணல் படுக்கை குறைந்தால் குழாய் கல்லின் மேல் உட்காரும், லாரி ஏறி இறங்கும்போது விரிசல் விடும், விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே போகும். இரண்டு வருஷம் கழித்துத் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்போது, அந்த 10 சென்டிமீட்டரை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும்? சினிமாவில் வருவதுபோல் உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் அபூர்வம். சாதாரணமாக நடப்பது இடமாற்றம், தள்ளிப்போகும் பதவி உயர்வு, கேன்டீனில் தனியாகச் சாப்பிடும் சில மாதங்கள். இதைத் தாங்கும் மனசும், தாங்கிக்கொள்ளும் கணவனோ மனைவியோ இருந்தால் அரசு வேலைக்குப் போங்கள். இத்தனை பேருக்குப் போய்ச் சேருவதால் என் வரிசையில் இதுதான் முதல். இல்லையென்றால் போகாதீர்கள். முதல் பொய் அளவுக்குப் பிறகு நிறுத்துவது யாராலும் எளிதில் முடிவதில்லை, அதை ஞாயிற்றுக்கிழமை காணிக்கையால் ஈடுகட்டவும் முடியாது.

என் கேள்விக்கு இந்த வழி பாதி பதில் சொல்கிறது. சாலை மறியல், மனுநீதி நாள், கிராமசபை என்று ஜனங்கள் உங்களைத் திட்ட வாய்ப்பு நிறைய. ஆனால் மூன்று வருஷத்தில் மாற்றல். நீங்கள் போட்ட குழாய்க்கான திட்டு உங்களுக்குப் பின்னால் வந்தவருக்குப் போகும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து போனபோது, 1836-க்கும் அன்றைக்கும் இடையே யார் யார் என்னென்ன பார்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பட்டியல் போட யாருக்கு முடிந்தது?

சொந்தத் தொழில், கூட்டுறவு

லாரி பேக்கரை எல்லோருக்கும் தெரியும், திருவனந்தபுரத்தில் செங்கல் தெரியக் கட்டியவர் என்று. அவர் முதலில் ஒரு மிஷனில் சேர்ந்து, அதிலிருந்து வெளியே வந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1917-ல் பர்மிங்காமில் மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்து, போரை ஏற்காத குவேக்கர் சபையில் சேர்ந்தவர். போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் குழுவோடு சீனாவில் இருந்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோய் மிஷனின் கட்டடக்கலைஞராக இந்தியா வந்தார். நோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய காப்பகங்களைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றுவது வேலை. மிஷனெரிகளின் பெரிய பங்களா, வேலைக்காரர்கள் என்ற வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. அங்கிருந்து கிளம்பி ஒரு இந்திய மருத்துவர் வீட்டில் போய்த் தங்கினார். அந்த மருத்துவரின் தங்கை எலிசபெத்தைத்தான் 1948-ல் மணந்தார். இமயமலைப் பக்கம் பிதோராகரில் மலைக்காரர்கள் மத்தியில் 16 வருஷம், அப்புறம் கேரளத்து வாகமண், அப்புறம் திருவனந்தபுரம்.

அவருடைய எலிப்பொறிக் கட்டு பற்றி ஒரு வார்த்தை. செங்கலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்புவார். 9 அங்குலச் சுவர்தான், ஆனால் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். வெற்றிடத்தில் காற்று நிற்பதால் வெயில் அவ்வளவாக உள்ளே இறங்காது. கூரைக் கான்கிரீட்டில் இழுவிசை வேலை செய்யும் அடிப்பகுதியில் கான்கிரீட்டால் பெரிய பயன் இல்லை, அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளை வைத்து நிரப்பிச் சிமென்ட்டைக் குறைத்தார். இரண்டுமே ஏட்டுப் பொறியியலுக்கு முற்றிலும் உட்பட்டவை. யாரும் செய்யாததற்குக் காரணம், கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குகிறவருக்குச் செலவைக் குறைப்பதில் லாபம் இல்லை என்பதுதான். பேக்கர் சைட்டிலேயே நின்று கொத்தனாரோடு பேசிக் கட்டினார். பூந்துறையில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகளும் உண்டு, லயோலா சிற்றாலயமும் உண்டு. வீட்டுக்காரர் அவரை நேரில் பார்த்து "இந்த ஜன்னல் வேண்டாம்" என்று சொல்லலாம். என் கேள்விக்கு முழு மதிப்பெண்.

கூட்டுறவுக்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம், குமரி மாவட்டம் முட்டம் போதும். 1970-களிலும் 80-களிலும் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகசேவை அமைப்பின் முயற்சியில் அங்கே படகுப் பட்டறை நடந்தது. கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம். கரையில் அலை மோதும் இடத்தில் இறக்கி ஏற்றக்கூடிய பிளைவுட் படகை உருவாக்க வேண்டும். பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் மீனவர்களோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் மாதிரி மேல் மாதிரியாகச் செய்து பார்த்தார். துறைமுகம் இருக்கிற ஊர்ப் படகு இங்கே அலையில் உடையும். உடைந்தால் மறுநாள் காலையில் பட்டறை வாசலில் ஆள் நிற்கும், முட்டத்து ஆள் மெதுவாகப் பேசவும் மாட்டார். அப்படித் திட்டு வாங்கித்தான் படகு சரியானது. இதே கடற்கரைகளின் மீனவர் சங்கங்கள் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை உண்டாக்கின. படகு கட்டுவதும் வெளிப்பொருத்து (அவுட்போர்டு) மோட்டார் சர்வீஸும் மீனவர்களுக்கே சொந்தமான அமைப்பின் கைக்கு வந்தன.

இந்த வழியின் கஷ்டம் வெளிப்படையானது. ஏழைக்கு வேலை செய்கிற கட்டடப் பொறியாளருக்கு முதல் சில வருஷம் வீட்டு வாடகையே பிரச்சினை. படித்து முடித்த கையோடு வேண்டாம் என்பேன். கம்பெனியில் தொழில் கற்று, கல்விக் கடன் அடைத்து, முப்பது வயதுக்கு மேல் யோசிக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சைட்டில் கொத்தனார் பேச்சைக் கேட்க வைப்பதற்கே இரண்டு வருஷம் போகும் என்று எனக்குத் தெரிந்த பொறியாளர்கள் சொல்வார்கள். ஆனால் வீட்டு அம்மாக்கள் அடுப்படி பற்றி மனம் விட்டுப் பேசுவதும் அவர்களிடம்தான்.

மிஷன்

கடைசியாக, பிள்ளைகள் முதலில் கேட்பது. இதைப் பற்றிப் பேசும்போது நான் அடிபம்பிலிருந்து தொடங்குவேன்.

1960-களின் வறட்சிக்குப் பிறகு நாடெங்கும் கடும்பாறையில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், மேலே வார்ப்பிரும்புப் பம்பு வைத்தார்கள். அவை மேல்நாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை, நாளைக்கு நாலு வாளி இறைக்க. நம் ஊரில் விடிகாலையிலிருந்து இரவு வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. 1970-களின் நடுவில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது நாலில் மூன்று பம்பு ஓடவில்லை. கிணறு தோண்டிய செலவெல்லாம் வீண்.

இதற்கு வழி கண்டது பெரிய ஆய்வகம் அல்ல. மகாராஷ்டிராவில் ஜால்னா, வடாலா, சோலாப்பூர் பக்கம் கிணறு தோண்டிக்கொண்டிருந்த மிஷன் பட்டறைகள் தாங்கள் வைத்த பம்புகளைத் தாங்களே ரிப்பேர் பார்த்து அலுத்துப்போயிருந்தன. வார்ப்பிரும்புக்குப் பதில் இரும்புத் தகடும் குழாயும் வைத்துப் பற்றவைத்தார்கள். பல இணைப்புக் கீல்களுக்குப் பதில் கைப்பிடியில் ஒரே அச்சு, அதன் முனையில் கால்வட்டத் தகடு, தகட்டின் மேல் சங்கிலி. கைப்பிடி எந்தக் கோணத்தில் இறங்கினாலும் சங்கிலி தகட்டில் சுற்றிக்கொள்வதால் கம்பி நேர்க்கோட்டில்தான் ஏறும். பக்கவாட்டில் உரசித் தேயாது. நம் தெருமுனையில் இன்றும் நிற்கிற பச்சைப் பம்பின் தலையைத் திறந்தால் இதைப் பார்க்கலாம், சைக்கிள் செயின் மாதிரி ஒரு துண்டு. அந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்துத்தான் யுனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ ஆராய்ச்சி நிலையம், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை மூன்றும் சேர்ந்து இந்தியா மார்க் 2-ஐ உருவாக்கின. காப்புரிமை எடுக்கவில்லை, எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் போனது.

அதோடு முடியவில்லை. மார்க் 2-ல் கீழே வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் உருவி எடுக்க வேண்டும், அதற்கு வண்டியும் ஆட்களும் வேண்டும். 1983 முதல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஊர்களில் வைத்துச் சோதித்து மார்க் 3-ஐக் கொண்டுவந்தார்கள். குழாயை அகலமாக்கி, குழாயைத் தொடாமலே உள்ளேயிருந்து பிஸ்டனை மேலே எடுக்கும்படி செய்தார்கள். ஊர் மெக்கானிக்கே கழற்றலாம்.

மிஷனில் பொறியாளருக்கு என்ன இடம் என்பது இதில் இருக்கிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவது அல்ல, ஐந்தாம் வருஷம் வாஷர் மாற்றுவது. தங்கள் பம்புக்குத் தாங்களே பொறுப்பாக இருந்த பட்டறைகள்தான் நல்ல பம்பைக் கண்டுபிடித்தன.

இன்னொரு உதாரணம் வேலூர். பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலை கற்றவர், தச்சும் கொத்தும் தெரியும். 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆனால் உணர்ச்சியற்ற காலில் புண் திரும்பத் திரும்ப வந்தது. ஆணி குத்தினாலும் தெரியாத கால், கல் அழுத்தினாலும் தெரியாத கால். அவரும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இருந்தவர்களும் அழுத்தத்தைப் பரப்பிவிடும் செருப்புக்குப் பல பொருட்களைச் சோதித்தார்கள். நுண்ணறை ரப்பர் அடித்தளம் அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது, இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று நோயாளிகள் கேட்டு வாங்குவார்கள். ரொம்ப மென்மையான ரப்பர் ஒரே வாரத்தில் நசுங்கித் தரையோடு ஒட்டிவிடும், கெட்டியானது குத்தும். ரப்பரின் கெட்டித்தன்மையைக் காட்டும் ஷோர் அளவில் 15 டிகிரி சுமார் என்று நின்றது. இங்கே பயன்படுத்துகிறவருக்கு வலி தெரியாது, ஆகவே திட்டவும் வராது. செருப்பைக் கழற்றிப் பாதத்தை வாரம் வாரம் பார்க்க ஒருவர் அங்கேயே இருந்ததால்தான் இது சாத்தியமானது. அப்புறம் இன்னொரு விஷயம், பார்த்தவுடன் தொழுநோய்ச் செருப்பு என்று தெரிகிற மாதிரி செய்தால் யாரும் போட மாட்டார்கள். அது எந்தப் பொறியியல் பாடத்திலும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் மிஷனை என் வரிசையில் மூன்றாவதாகத்தான் வைப்பேன், கம்பெனிக்கு முன்னால், சொந்தத் தொழிலுக்குப் பின்னால். காரணம் பணமும் நிர்வாகமும். 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த அமைப்புகளில் முதலில் கைவைக்கப்படுவது சம்பளத்தில்தான். நம் சபைத் தேர்தல், கட்சி, யார் சாதி யாருக்குப் பதவி என்ற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் விவரிக்கப் போவதில்லை. நல்ல வேலைக்காரர் ஒருவர் நிர்வாகம் மாறிய மறுமாசமே ஓரங்கட்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நம்மில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது. கிணறு எல்லாருக்கும் பொது. அதைத் தூண்டிலாக்கும் நிறுவனத்தில் சேராதீர்கள். ஊர் நம்பிக்கை ஒருமுறை போனால் உங்கள் பம்பு பழுதானதைக்கூடச் சொல்ல வர மாட்டார்கள்.

சரி, யாருக்கு மிஷன்? வேலை தெரிந்தவர், குறைந்தது ஐந்து வருஷம் அங்கேயே இருக்க முடிந்தவர், ஏற்கனவே அங்கு மூத்த மெக்கானிக்கோ சூப்பர்வைசரோ இருந்து அவரிடம் பணிந்து கற்கத் தயாராக இருப்பவர். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்காவில் வருவது கட்டும் செலவுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பராமரிப்புக்கு வருஷா வருஷம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டு, பட்ஜெட்டில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது அவிசுவாசம் அல்ல.

மிஷன் மருத்துவமனை ஒன்றில் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் பேசுவதற்கு முன் ஜெனரேட்டர் அறைக்குப் போய் லாக் புக்கைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயில் எப்போது மாற்றினார்கள், பேட்டரி எப்போது வாங்கினார்கள், யார் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு இடைவெளி இல்லாமல் இருந்தால், அங்கே வேலையை மதிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயரைக் கேட்டு, அன்றைக்கே அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். புத்தகமே இல்லை, அல்லது உங்களுக்காக நேற்றிரவு ஒரே பேனாவில் எழுதி நிரப்பியது போலத் தெரிகிறது என்றால், காபி குடித்துவிட்டு, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடலாம்.